மாத்தியாச்சு

அந்த அக்காவிடம் 'சரி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. "சரின்னா? என்ன சரி? நான் என்ன சொன்னேன், அதைச் சொல்லுங்க" என்று நிறுத்தி வைத்துவிடுவார்.

தேனி பஜாரில் எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்த மனிதர். அவரே தினமும் காலையில் எங்கள் வாசலில் நின்று, ஒரு டீ சீனி கம்மி, இன்னொன்று சீனி தூக்கலாக, வடை சூடாக இருந்தால் மட்டும் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டுத்தான் போவார். ஒரு நாள் அவசரத்தில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வந்த டீயை அக்கா தொடவில்லை. நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சீனி கம்மியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகத்தானே வந்திருக்கிறது என்றேன். "தப்பா வந்திருந்தாக்கூடக் குடிச்சிருப்பேன். சொல்லாமலே சரியா வந்துருச்சு பாருங்க, இதுதான் பின்னாடி ஆளைக் கவுக்கும்" என்றார். இந்த நியாயம் எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

பஸ் கண்டக்டர்களுக்கும் தப்ப வழி கிடையாது. கம்பம் பஸ்ஸில் ஏறினால், எங்கே இறக்கிவிட வேண்டும் என்பது கண்டக்டர் வாயால் வந்தால்தான் சில்லறையை நீட்டுவார். பழகிய கண்டக்டர்கள் அக்கா படியில் கால் வைக்கும்போதே, "காமயகவுண்டன்பட்டி விலக்கு, இறக்கி விட்டுர்றேன் தாயி" என்று முந்திக்கொள்வார்கள். பஜாரில் அவருக்குத் 'திருப்பிச் சொல்லு' என்றே பட்டப்பெயர். காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். பேரையாவது பிசகாமல் சொல்கிறார்களே என்பார்.

கோபமெல்லாம் எனக்குத்தான். நான் ஜெயமங்கலத்துக்காரன். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமா படித்து, மெட்ராஸில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு செய்து பழகிவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்து கிழிக்கலாம் என்று எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியவன். அக்காவின் அப்பா நடத்திய ரேடியோ கடையில் பின்பாதியை வாடகைக்குப் பிடித்தேன். முன்பாதியில் அக்கா ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ரிப்பேர் பார்ப்பார். டிப்ளமாக்காரனை 'இன்சினியரே' என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு குஷி. அது கேலியா மரியாதையா என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

கடைக்கு வருவதற்கு முன்னால் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவர். நம்பரைச் சொன்னால் கையால் வயரைச் செருகி லைன் கொடுத்த காலம். தானாகவே லைன் கிடைக்கும் மெஷின் வந்ததும் வேறு ஊருக்கு மாற்றல் போட்டார்கள். போக மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு அப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய 'திருப்பிச் சொல்லு' பிறந்தது அந்த எக்ஸ்சேஞ்சில்தான், அதுவும் ஒரு திராட்சை லாரியால். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடலூர் இருக்கிறது, நீலகிரியில் ஒரு கூடலூர் இருக்கிறது. இங்கே ஒரு வியாபாரி, கோயம்புத்தூரில் நின்ற தன் லாரி டிரைவரிடம், கூடலூர் போய் திராட்சை ஏற்று என்று போனில் சொன்னார். டிரைவர் சரி என்றான். லாரி நீலகிரி மலை ஏறிப் போய்த் தேயிலைக்கு நடுவே திராட்சைத் தோட்டம் தேடியது. இங்கே பறித்துக் கூடையில் அடுக்கிய பழம் தோட்டத்திலேயே அழுகியது. இரண்டு பேர் பேசியதையும் நடுவில் இருந்து காதால் கேட்டவர் அக்கா. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாக, ஆனா ரெண்டு பேர் மனசுலயும் வேற வேற ஊரு என்று, அதைச் சொல்லும்போதெல்லாம் நேற்று நடந்தது போல வயிறு எரிவார்.

ஆனாலும் எல்லா இடத்திலும் இப்படியா என்று ஒரு தடவை நான் வெடித்துவிட்டேன். காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் கடை போனில் பேச வந்தார். அவருடைய ஆத்தா காலையில் இறந்துபோயிருந்தார். கட்டப்பனையில் வேலை பார்க்கும் தம்பிக்குத் தகவல் சொல்ல வேண்டும். மனுஷன் அழுகையோடு அழுகையாய் விஷயத்தைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைக்கப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யார் தவறினது என்று அந்தத் தம்பி வாயால் சொல்லச் சொல்லுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஈவு இரக்கம் வேண்டாமா, இது என்ன டீக்கடை ஆர்டரா என்று அந்த ஆள் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் கேட்டார். கேட்டதும் முகம் மாறியது. ஆத்தா என்றதை அவன் அத்தை என்று எடுத்துக்கொண்டிருந்தான். அத்தைதானே, நாளைக்குக் கிளம்பி வாரேன் என்றானாம். பெற்றவளின் முகத்தைப் பார்க்காமலே போயிருப்பான். அண்ணன்காரர் மறுபடி சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் எழுந்த அழுகை என் பெஞ்சு வரை கேட்டது. நான் தலையைக் குனிந்து சால்டரிங் அயனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவரோடுதான் என் வாழ்க்கையின் முதல் பெரிய ஆர்டர் வந்து மாட்டியது. போடியில் ஒரு ஏலக்காய் முதலாளி. மேகமலையில் அவருக்கு எஸ்டேட். பறித்த பச்சைக் காயை ஸ்டோர் என்கிற கட்டடத்தில் பரப்பி, விறகு எரித்து, குழாய் வழியாகச் சூடு விட்டு உலர்த்துவார்கள். சூடு ஏறினால் காய் கறுத்துவிடும், இறங்கினால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். இரண்டுமே ஏலத்தில் அடிமாட்டு விலை. உள்ளே எவ்வளவு சூடு என்பது, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபீசில் உட்கார்ந்த இடத்திலேயே தெரிய வேண்டும் என்றார் முதலாளி. ஸ்டோரில் ஒரு பெட்டி, ஆபீசில் ஒரு பெட்டி, நடுவில் கேபிள். ஆபீஸ் பெட்டி கேட்கும், ஸ்டோர் பெட்டி பதில் சொல்லும், எண் விளக்கில் தெரியும். முடியும் என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதில் அக்காவுக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது. பக்கத்துக் கடை அவருடைய தம்பியின் ஜவுளிக்கடை. நல்ல மனுஷன்தான், ஆனால் துணி மலை மாதிரி குவிந்து கிடக்க இடமில்லாமல் தவித்தார். ரேடியோ கடையை எடுத்துக்கொண்டு நடுச் சுவரை இடித்தால் பெரிய கடையாகிவிடும். இடம் அப்பா சொத்து, இரண்டு பேருக்கும் பாத்தியம் உண்டு. ரேடியோ வாங்குகிறவர்களே குறைந்துபோன காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் நிம்மதியாக இரு அக்கா என்று அவர் சொல்வதில் பெரிய தப்பும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்றார் அக்கா. கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. மலைக்குப் போகிற பெட்டி அங்கேயே நின்றுவிட்டால் கடை அக்காவுக்கு. ஜீப்பில் திரும்பி வந்தால் தம்பிக்கு. போடி முதலாளியும் அதையேதான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார், பெட்டி பேசினால் வைத்துக்கொள்வேன், பேசாவிட்டால் அனுப்பிவிடுவேன் என்று.

பேச வைப்பதுதான் பாடு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூளையாக நாற்பது கால் மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று. அதன் பத்தாம் கால் கேட்கும், பதினொன்றாம் கால் பேசும். ஆனால் அது பேசுவது ஐந்து வோல்ட்டில், வீட்டுக்குள் பேசுகிற குரல். முற்றம் தாண்டி எட்டாது. அதை உரக்கச் சொல்வதற்கு டிரான்சீவர் என்று பதினாறு கால் சிப் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. மெட்ராஸ் நண்பன் மூலம் வரவழைத்தேன். சுற்றிலும் நாலு கெப்பாசிட்டர் வைத்தால் போதும், ஐந்து வோல்ட்டை அதுவே பத்து வோல்ட்டுக்குத் தள்ளி வெளியே பேசும், வெளியிலிருந்து வருவதை ஐந்துக்கு இறக்கி உள்ளே கொடுக்கும். விளக்கியபோது அக்காவுக்கு ஒரே நிமிஷத்தில் பிடித்துவிட்டது. "அப்ப இது ட்ரங்க் கால் ஆப்பரேட்டரு" என்றார். அன்றிலிருந்து அந்தச் சிப்பை அவள் இவள் என்றுதான் பேசுவார்.

பேசுகிற வாயைக் கேட்கிற காதோடு சேர்க்க வேண்டும் என்பது பாலபாடம். நான் அதை வேகவேகமாகச் செய்து, மைக்ரோகண்ட்ரோலரின் பதினொன்றாம் காலைச் சிப்பின் பன்னிரண்டாம் காலோடு பற்றவைத்துவிட்டேன். கெப்பாசிட்டர் ஒன்றையும் தலைகீழாக வைத்து அது பட்டென்று வெடித்தது. அதை மாற்றிய பிறகும் போர்டு ஊமையாகவே கிடந்தது. ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். எந்தக் காலை எங்கே கொடுத்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எனக்கு இருந்த கடுப்பில் படபடவென்று சொன்னேன், பதினொன்று பேசுகிறது, பன்னிரண்டிடம் பேசுகிறது. பன்னிரண்டு என்ன செய்யும் என்றார். அது வெளியிலிருந்து வந்ததை உள்ளே சொல்லும் என்றேன். சொல்லும்போதே நாக்கு இடறியது. இரண்டு வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்! சிப்பின் பதினொன்றாம் கால்தான் கேட்கிற கால். மாற்றிப் பற்றவைத்ததும் உயிர் வந்தது. கண்டுபிடித்தவன் நான்தான் என்று அன்று பெருமையடித்துக்கொண்டேன். அக்கா ஆமாம் ஆமாம் என்றார்.

அன்றே இன்னொரு வேலையும் சொல்லிக் கொடுத்தேன். பெட்டியின் வெளிப்பக்கம், பேசுகிற முனையையும் கேட்கிற முனையையும் ஒரு துண்டு வயரால் பாலம் போட்டால், அது சொன்னது அதன் காதிலேயே விழும். விழுந்தால் பச்சை விளக்கு மின்னும். சிப்பும் சுற்றியுள்ளதும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அக்காவின் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. மனுஷங்களுக்கும் இப்படி ஒரு பச்சை விளக்கு வைத்திருக்கலாம் என்றார். கடைக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் பாலம் போட்டுக் காட்டினார். பாவம், ரேடியோவுக்கு பேட்டரி வாங்க வந்தவர்கள்.

இரண்டு பெட்டிகளும் என் பெஞ்சின் மேல் அழகாகப் பேசிக்கொண்டன. எஸ்டேட் ஜீப் வந்து அவற்றை ஏற்றிப் போனது. இரண்டு நாளில் நானும் அக்காவும் பின்னாலேயே போய்ப் பொருத்துவதாக ஏற்பாடு. அதற்குள் மலையில் மழை பிடித்துக்கொண்டது. சின்னமனூரிலிருந்து ஏறுகிற பாதையில் மண் சரிந்து ஜீப் கூடப் போக வழியில்லை. மேலே காய் பறித்தாகிவிட்டது, ஸ்டோரில் பரப்பியாகிவிட்டது, சாயங்காலம் பார்க்கிறேன், பெட்டி பேசாவிட்டால் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று எஸ்டேட் மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். பொருத்துவதற்கு மேலே இருந்தவர் எஸ்டேட் வயர்மேன் மட்டும்தான். கைத்தொழில் தெரிந்த, பொறுமையான மனுஷர். ஆனால் இந்த மாதிரிப் பெட்டியை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. மூணு கோர் கேபிள் இழுத்து, சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கறுப்பு என்று கண்ணுக்கு லட்சணமாகக் கொடுத்திருந்தார். லைட்டுக்கும் மோட்டாருக்கும் அதுதான் முறை. எங்கள் பெட்டிக்கு அது ஆகாது. ஒரு பெட்டியின் வாய் மறு பெட்டியின் வாயோடும், காது காதோடும் சேர்ந்துவிடும். ஆபீஸ் பெட்டியில் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகள் நின்றன.

அன்றைக்கு மத்தியானம் கடையில் நாலு பேர். போன் மேசையில் அக்கா, பக்கத்தில் நான், வாசல் ஓரமாக நாற்காலியில் தம்பி. கூடவே ஒரு ஆசாரியையும் கூட்டி வந்திருந்தார். அக்கா தோற்றுப்போகும் வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை என்று அர்த்தம். ஆசாரி டேப்பை நீட்டிச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ரிசீவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

லைன் சின்னமனூர் எக்ஸ்சேஞ்ச் வழியாக வந்தது. மழைக்கு அதில் ஒரே இரைச்சல். அங்கே ஆப்பரேட்டராக இருந்த பெண் அக்காவிடம் வேலை பழகியவள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வெட்ட வேண்டிய லைனை வெட்டாமல் வைத்திருந்தாள். அக்கா வயர்மேனிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, ஆபீஸ் பெட்டிப் பக்கம் மட்டும் சிவப்பையும் மஞ்சளையும் மாத்திருங்க. கறுப்பைத் தொடாதீக. ஸ்டோர்ப் பக்கம் போக வேணாம்." வழக்கம்போலத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வயர்மேன் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். எனக்கே உடம்பில் தெம்பு வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல் வந்தது. மாத்தியாச்சு தங்கச்சி என்றார். அக்கா விடவில்லை, எதை, எந்தப் பக்கம் என்று கேட்டார். சிவப்பையும் மஞ்சளையும், ஆபீஸ் பெட்டிப் பக்கம் மட்டும், கறுப்பைத் தொடவில்லை என்று மணி மணியாகச் சொன்னார். பெட்டியில் என்ன தெரிகிறது என்றார் அக்கா. வெறும் கோடுதான் என்றார் அவர்.

எனக்கு அன்று வெடித்த கெப்பாசிட்டர்தான் கண் முன்னால் வந்தது. இரண்டாவது பெட்டியிலும் ஒன்றைத் தலைகீழாக வைத்துத் தொலைத்துவிட்டேனோ, ஜீப் குலுக்கலில் சிப் பெயர்ந்துவிட்டதோ, அதுவரை வாய் வாயோடு மோதியதில் கருகிவிட்டதோ என்று என்னென்னவோ ஓடியது. தம்பி இரக்கத்தோடு அக்காவைப் பார்த்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திருப்பி அனுப்பச் சொல்லிவிடலாம் அக்கா, ரோடு திறந்ததும் நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று முனகினேன். அக்கா என்னை முறைத்தார். "பச்சை விளக்கைக் கேளுங்க இன்சினியரே" என்று ரிசீவரை என் கையில் திணித்தார்.

ஆமாம், அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் இரண்டு முனைகளுக்கும் ஒரு துண்டு வயரால் பாலம் போடச் சொன்னேன். ரிசீவரை நடுவில் பிடித்து நானும் அக்காவும் காது கொடுத்தோம். துண்டு வயருக்கு எங்கே போவது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் சாவதானமாக, பழைய சிவப்பு இங்கனயே கிடக்கு, அதையே போட்டுர்றேன் என்றார். பிறகு, பச்சை விளக்கு கண் சிமிட்டுது தம்பி என்றார். அப்படியென்றால் ஆபீஸ் பெட்டி பழுதில்லை, ஸ்டோர்ப் பெட்டிதான் செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். மழையில் முற்றம் தாண்டி ஓடச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

அக்கா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"அண்ணே, பழைய சிவப்புன்னீகளே. எது பழசு?"

நீங்கள்தானே மாத்தச் சொன்னீர்கள் என்றார் அவர். சிவப்பு, மஞ்சள் இரண்டையும் இந்த முனையில் வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டு, பழையபடி சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள் கொடுத்திருக்கிறாராம். நல்ல வயர்ச் சுருளிலிருந்து வெட்டியதாம், சந்தேகமே வேண்டாமாம்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. பல்பு எரியாவிட்டால் பல்பை மாத்து என்கிறோம், செருப்பு அறுந்தால் செருப்பை மாத்து என்கிறோம். வயர்மேன் காதில் விழுந்த 'மாத்து' அதுதான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை தரம் திருப்பிச் சொல்ல வைத்தாலும் அதே வார்த்தைதான் வரும். அவர் மேல் என்ன குற்றம்? சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்றார் அக்கா, ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம். "இத்தனை வருசமா எல்லாரையும் சொன்னதைத்தான் சொல்லச் சொல்லிருக்கேன். என்ன செஞ்சீகன்னு ஒருத்தரையும் கேட்டதில்ல." பிறகு கையை எடுத்தார். ஒரு கணம் வார்த்தை தேடினார். சுவரில் டேப்பைப் பிடித்திருந்த ஆசாரியும் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"அண்ணே, கல்யாணத்துல மாலை மாத்துறாகள்ல? பொண்ணு கழுத்து மாலை மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளை மாலை பொண்ணுக்கு. புது மாலையா வாங்கிப் போடுறாக? அந்த மாத்து அண்ணே. சிவப்பு இருந்த எடத்துல மஞ்சளு. மஞ்சளு இருந்த எடத்துல சிவப்பு."

லைனில் களுக்கென்று ஒரு பெண் சிரிப்பு கேட்டது. சின்னமனூர் ஆப்பரேட்டர். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வயர்மேனும் சிரித்துவிட்டார். அட, அதைச் சொல்ல வேண்டியதுதானே தங்கச்சி, பாலத்தை எடுத்துட்டா ரெண்டு ஸ்க்ரூ வேலை என்றார். ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. மழை இரைந்தது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நாப்பத்தி ஏழு" என்றது மலை. "தங்கச்சி, கோடு போயிருச்சு. நாப்பத்தி ஏழுன்னு காட்டுது!"

நான் மேசையைக் குத்தினேன். அக்கா அசையவில்லை. அது ஸ்டோரின் சூடுதான் என்று எப்படித் தெரியும், பெட்டி சும்மாவே ஒரு எண்ணைக் காட்டினால், என்று என்னிடம் கேட்டார். அட கடவுளே, இந்த மனுஷிக்கு எதைக் கொடுத்தால்தான் திருப்தி என்று எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். ஆனால் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மேலே வயர்மேன் எண்ணை வாசித்துக்கொண்டே இருந்தார். நாப்பத்தி ஆறு. நாப்பத்தி நாலு. நாப்பத்தி ஒண்ணு. எங்கேயோ வயர் லூஸ் என்று நினைத்தேன். அப்போது பின்னால் மேனேஜரின் குரல் இடி மாதிரி கேட்டது.

"எடா, ஆருடா ஸ்டோர்க் கதவைத் தொறந்தது?"

ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஸ்டோரின் கதவு தெரியாது. மழையில் நனைந்த கம்பளியைக் காயப்போட ஒரு ஆள் ஸ்டோருக்குள் நுழைந்து, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஏலக்காய்த் தட்டுக்கு மேலே நிதானமாகக் கம்பளியை விரித்துக்கொண்டிருந்தானாம். இந்தச் சத்தத்துக்கு அவன் கம்பளியோடு வெளியே பாய்ந்தான் என்று, போய்ப் பார்த்து வந்தவர்கள் சொன்னதை வயர்மேன் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கதவு சாத்தியதும் எண் மெல்ல ஏறியது. நாப்பத்தி மூணு. நாப்பத்தி அஞ்சு. கண்ணுக்குத் தெரியாத கதவைப் பெட்டி காட்டிக் கொடுத்துவிட்டது.

அக்கா அப்போதுதான் சிரித்தார். வாய் நிறைய, பல் தெரிய, பஜார் திரும்பிப் பார்க்கிற மாதிரி. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. நாங்கள் செய்த பெட்டி, எங்கள் கையால் பற்றவைத்த சிப், மலை மேல் மழைக்குள் உட்கார்ந்து உண்மையைப் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இருந்த கர்வம் அப்புறம் எத்தனையோ பெரிய வேலைகள் செய்தும் எனக்கு வந்ததில்லை.

மேனேஜரே போனுக்கு வந்தார். பெட்டி இங்கேயே இருக்கட்டும், மற்ற நாலு ஸ்டோருக்கும் இதேபோல வேண்டும் என்று இன்றே முதலாளியிடம் சொல்கிறேன் என்றார். அக்கா, லைனில் இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே ரிசீவரைத் தம்பியின் காதோரம் கொண்டுபோய்ப் பிடித்தார். மேனேஜர் மலையாளம் கலந்த தமிழில் இன்னும் உரக்கச் சொன்னார். தம்பி முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

ஆசாரி டேப்பைச் சுருட்டுவதா நீட்டுவதா என்று தெரியாமல் முழித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"அளந்தது வீணாப் போக வேணாம் ஆசாரி. இந்தச் சுவர் நீளத்துக்கு எனக்கு ஒரு பெஞ்சு போடுங்க. நாலு ஜோடிப் பெட்டியையும் ஒண்ணாப் பரப்பி வேலை பாக்கணும்."

ஆசாரி தம்பியைப் பார்த்தார். தம்பி ஜவுளிக்கடைப் பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"தேக்குல போடுங்க" என்றார்.